ஹாஸ்டல் முழுக்க காய்ச்சல். ஞாயிறு அக்காவுக்கு வளைகாப்பு. நான் ஊருக்குக் கிளம்பலாமா?

ஒட்டன்சத்திரம் பொண்ணு | புதன், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு யோசனை வேணும். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறேன். லேடீஸ் ஹாஸ்டல்ல ரெண்டாவது மாடி. எங்க ரூம்ல நாலு பேர், மாடிக்கு நான்தான் ரெப். பத்து நாளா மழை விட்டு விட்டுப் பெய்யுது. துவைச்ச துணி காயாம வராண்டா முழுக்கத் தொங்குது. கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே எல்லா ஜன்னலையும் சாத்திடுவோம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் துணி மடிச்சிட்டிருந்த ஈரோட்டுக்காரி, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி"ன்னு சொல்லிட்டு அந்தத் துணி மேலேயே சாஞ்சுட்டா. ராத்திரி பார்த்தா 103. செவ்வாய்க்கிழமை காலையில சிவகாசிக்காரிக்கு ஆரம்பிச்சுது. அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே வீசிங் உண்டு, தலைமாட்டுலேயே இன்ஹேலர் இருக்கும். இன்னைக்கு மத்தியானத்துலேருந்து நாமக்கல்காரிக்குத் தொண்டை கரகரங்குது. எனக்கு மட்டும் இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.

எங்க ரூமோட முடிஞ்சா பரவாயில்ல. ராத்திரி வராண்டாவுல நடந்தா ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலயும் இருமல் சத்தம். எதிர்ல 217-ல ஒரு பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சல். அவளுக்கு இருமல், சளி எதுவும் இல்ல. கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு துப்பட்டாவை நெத்தியில இறுக்கிக் கட்டிட்டுப் படுத்திருக்கா.

யாரும் வார்டன் மேடம்கிட்ட சொல்றதில்ல. சொன்னா "வீட்டுக்குப் போயிட்டு நல்லானதும் வா"ன்னு அனுப்பிடுவாங்க, போனா ஆப்சென்ட். அடுத்த திங்கள் மாடல் எக்ஸாம் வேற. நிறைய பேர் அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழ போயிடுமோங்கிற பயத்துல டோலோவைப் போட்டுட்டு கிளாஸ்ல வந்து உக்காந்திருக்காங்க. ஈரோட்டுக்காரி திங்கக்கிழமை 102 காய்ச்சலோட லேபுக்குப் போனா. சால்டரிங் பண்ணும்போது கை நடுங்கி ஆள்காட்டி விரல்ல சூடு வாங்கிட்டு வந்தா. அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல.

இன்னைக்கு ராத்திரி அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வார்டன் மேடமே சொல்லிட்டாங்க: "உடம்பு நல்லா இருக்கிறவங்க வேணும்னா ஊருக்குப் போகலாம், அவுட்பாஸ் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." நாளைக்குச் சாயங்காலம் கிளம்பலாம்னு பையைக் கட்டி வச்சுட்டேன்.

விஷயம் என்னன்னா, வர்ற ஞாயிறு எங்க அக்காவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். மாமா வீட்டுல முடிச்சுட்டு அக்காவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. எங்க வீடு ரெண்டு ரூம்தான். அப்பத்தாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு. நானும் அக்காவும் அப்பத்தாவும் ஒரே ரூம்லதான் படுப்போம். நாலு மாசமா இந்த நாளைத்தான் எண்ணிட்டிருக்கேன். எனக்குக் காய்ச்சல் இல்லைதானே, மாஸ்க் போட்டுட்டுப் போனா பரவாயில்லையா? இல்ல போகவே கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மூணாவது மாடி, பாய்ஸ் ஹாஸ்டல் | புதன், இரவு 10.58

சிஸ்டர், எங்க பக்கமும் இதே கதைதான். எனக்குப் போன வாரம் வந்துச்சு. மெடிக்கல் கடை அண்ணன்கிட்ட அசித்ரோமைசின் 500 வாங்கி மூணு நாள் போட்டேன், நாலாவது நாள் சரியாப் போச்சு. உங்க ரூம்ல எல்லாரும் இப்பவே ஆரம்பிச்சிடுங்க, நீங்களும் முன்கூட்டியே ஒரு கோர்ஸ் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. வளைகாப்பு திரும்ப வராது. அக்காவுக்கு வாழ்த்துகள்.


ஓய்வுபெற்ற செவிலி | புதன், இரவு 11.35

கண்ணு, முதல்ல பையைப் பிரிச்சு வை. மீதியை அப்புறம் பேசலாம்.

நான் ஒரு கல்லூரியின் ஹெல்த் சென்டர்ல 22 வருஷம் செவிலியா இருந்து ஓய்வு பெற்றவள். உன் பதிவைப் படிச்சதும் கை பரபரங்குது. நாளைக்குக் காலையில நடக்க வேண்டிய ரெண்டு காரியத்தை முதல்ல சொல்லிடறேன்.

ஒண்ணு, சிவகாசிப் பொண்ணு. இருமலோட இப்படிப் பரவறது ஃப்ளூ மாதிரி தெரியுது. வீசிங் இருக்கிறவளுக்கு ஃப்ளூ சாதாரணக் காய்ச்சல் இல்ல. ஒசெல்டாமிவிர்னு ஒரு மாத்திரை, டாமிஃப்ளூன்னா எல்லாருக்கும் தெரியும். அதைக் காய்ச்சல் ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன். அவளுக்குச் செவ்வாய் காலையில ஆரம்பிச்சுதுன்னு எழுதியிருக்கே, அப்போ வியாழன் காலையே கடைசி. ஹெல்த் சென்டர் திறக்கட்டும்னு காத்திருக்காம ஏழு மணிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே "இவளுக்கு ஆஸ்துமா, ரூம்ல இன்னும் ரெண்டு பேருக்குக் காய்ச்சல்" அப்படின்னு இருக்கணும். ஆஸ்துமா, சர்க்கரை, இருதய நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், வயசானவங்க இவங்களுக்கெல்லாம் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கள் இந்த மாத்திரையைத் தொடங்குவாங்க. இன்ஹேலரையும் கையிலேயே எடுத்துட்டுப் போங்க. மாத்திரை குடுத்தா காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு அஞ்சு நாள். ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சேன்னு பாதியில நிறுத்தக் கூடாது.

இன்னொண்ணு, 217-ல இருக்கிற பொண்ணு. அவளை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. இருமல் இல்ல, சளி இல்ல, கண்ணுக்குப் பின்னால வலி, மூணு நாள் காய்ச்சல், நவம்பர் மழை. அவளை டெங்குன்னு நெனச்சுத்தான் பார்க்கணும். ஹாஸ்டல்ல பத்துப் பேருக்கு ஃப்ளூன்னா பதினோராவது ஆளுக்கும் அதுவாத்தான் இருக்கும்னு விட்டுடறதுதான் எப்பவும் நடக்கிற தப்பு. ரத்த அணுக்கள் பரிசோதனையும், NS1-ங்கிற டெங்கு பரிசோதனையும் நாளைக்கே எடுக்கச் சொல்லு. அதுவரைக்கும் பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை எதுவும் தொடக் கூடாது. ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவை அதிகப்படுத்திடும். இன்னொரு விஷயம் கவனி. டெங்குல காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து. "ஜுரம் விட்டுடுச்சு"ன்னு அவ சந்தோஷமா எழுந்து உக்காரும்போது வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லிடறது இதுல ஏதாவது இருந்தா ஒரு நிமிஷம் தாமதிக்காம 108.

பாய்ஸ் ஹாஸ்டல் தம்பி, நீ நல்ல மனசோட சொன்னே, தெரியுது. ஆனா அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கு, ஃப்ளூ வைரஸ். நாலாவது நாள் உனக்குச் சரியானது மாத்திரையால இல்ல, அது எப்படியும் நாலாவது நாள் சரியாகிற காய்ச்சல். 2023 மார்ச்ல ஊரெல்லாம் H3N2-ங்கிற ஃப்ளூ வந்தப்போ இந்திய மருத்துவர் சங்கமே இந்த மாத்திரை பேரைச் சொல்லி, இப்படி அள்ளிப் போடாதீங்கன்னு அறிக்கை விட்டாங்க. நாளைக்கு உனக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தா அந்த மருந்து வேலை செய்யணும் இல்லையா?

டோலோ விஷயத்துலயும் ஒரு எச்சரிக்கை. 650 மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். ஜலதோஷத்துக்குன்னு கடையில குடுக்கிற கலவை மாத்திரை பலதுலயும் பாராசிட்டமால் இருக்கும். டோலோவும் அதுவும் சேர்த்துப் போட்டா தெரியாமலே ரெட்டை டோஸ், கல்லீரலைக் கெடுத்துடும். அட்டையைத் திருப்பிப் படிச்சுட்டுப் போடச் சொல்லு.

இப்போ உன் கேள்விக்கு வர்றேன். போகக் கூடாதும்மா. உனக்குக் காய்ச்சல் இல்லைங்கிறது இன்னைக்கு உண்மை, அவ்வளவுதான். ஃப்ளூ உடம்புக்குள்ள போய் ஒண்ணுலேருந்து நாலு நாளுக்குள்ள வெளிய தெரியும். தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு ஒட்ட ஆரம்பிச்சிடும். மூணு பேருக்கு நடுவுல ஜன்னல் சாத்தின ரூம்ல நாலு ராத்திரி படுத்திருக்கே. நாளைக்கு பஸ் ஏறினா, எப்போ வேணும்னாலும் உனக்குத் தொடங்கலாம். ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது நல்லா இருப்பே, வளையல் அடுக்கும்போது நல்லா இருக்க மாட்டே. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ வந்தா மூச்சுத் திணறல் வரைக்கும் போறது மத்தவங்களைவிட அதிகம், அதுவும் கடைசி மாசங்கள்ல. அப்பத்தாவுக்கு வயசும் சர்க்கரையும் சேர்ந்திருக்கு. மாஸ்க் பஸ்ல உதவும். மூணு பேர் ஒரே ரூம்ல ராத்திரி முழுக்கத் தூங்கும்போது என்ன செய்யும்?

2009-ல பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம் நான் பணியில இருந்த கல்லூரியில நாலு பேருக்குக் காய்ச்சல்னதும் ஒரே சாயங்காலத்துல ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டாங்க. பிள்ளைங்க கூட்டம் கூட்டமா பஸ்ல நின்னுட்டு ஊருக்குப் போச்சு. அடுத்த வாரம் எனக்கு ஃபோன் வந்ததெல்லாம் அம்மாக்கள்கிட்டேருந்து. "தம்பி வந்தான், இப்போ எங்க மாமியாருக்குக் காய்ச்சல்"னு. அப்போ டாமிஃப்ளூ கடையிலகூடக் கிடைக்காது, அரசு ஆஸ்பத்திரியிலதான். அந்த ஃபோன்களுக்குப் பதில் சொன்ன குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. 1957-ல ஆசியக் காய்ச்சல்ங்கிற ஃப்ளூ மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கப்பல்ல வந்து இறங்கினதா எங்க டீச்சர் வகுப்புல சொல்லுவாங்க. அப்போ கப்பல், இப்போ டவுன் பஸ்.

ரூம்ல செய்ய வேண்டியது. ஜன்னலைத் திறங்க. கொசுவலையைக் கட்டிட்டுத் திறங்க, ஒரு பக்கம் மட்டும் இல்லாம கதவுப் பக்கமும் காத்து போகணும். கட்டிலை நகர்த்த முடியலைன்னா ஒருத்தி தலை வைக்கிற பக்கம் அடுத்தவ கால் வரட்டும். முடிஞ்சா நீயும் நாமக்கல்காரியும் இன்னைக்கே வேற வேற இடத்துல படுங்க. ஆவி பிடிக்கிறேன்னு கட்டில் மேல கொதிக்கிற பாத்திரத்தை வைக்காதீங்க, தொடை வெந்து வந்த பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, உதடு நீலமானா, குழறிப் பேசினா, விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்ஸிஜன் 94-க்குக் கீழ காட்டினா உடனே ஆஸ்பத்திரி. ஒரு தடவை நல்லாயிட்டு மறுபடி காய்ச்சல் ஏறினாலும் அப்படித்தான். சந்தேகம்னா 104-க்குக் கூப்பிட்டுக் கேளு, ராத்திரியிலும் எடுப்பாங்க.


ஒட்டன்சத்திரம் பொண்ணு | வியாழன், அதிகாலை 12.20

அம்மா, படிச்சுட்டு ஒரு மூச்சு அழுதுட்டேன். பையைப் பிரிச்சுட்டேன். ஜன்னலைத் திறந்து, வலையை ஹேங்கர் கம்பியில கட்டியிருக்கோம். காலையில ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.

ஆனா மத்தவங்க? நான் கதவைத் தட்டிக் கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்ல, தூசி அலர்ஜி"ன்னு சொல்றாங்க. கண்ணு சிவந்திருக்கு, குரல் அடைச்சிருக்கு, ஆனா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. வார்டன் மேடம்கிட்ட எப்படிப் பேசறதுன்னும் தெரியல.


ஓய்வுபெற்ற செவிலி | வியாழன், காலை 5.50

இதைத்தான் கேட்கணும்னு எதிர்பார்த்தேன். அந்தப் பிள்ளைங்க பொய் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. காய்ச்சல்னு சொன்னா அட்டெண்டன்ஸ் போகுது, ரூம் போகுது, ராத்திரி பஸ்ல ஏத்தி விடறாங்க. சொன்னவளுக்கு நஷ்டம், மறைச்சவளுக்கு இல்ல. அப்படி இருக்கிற வரைக்கும் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் சோப்பு வச்சாலும் காய்ச்சல் கிளாஸ்ல வந்துதான் உக்காரும்.

2009-க்கு அப்புறம் நான் ஒரு நோட்டு வச்சேன். அதுல பேரு, ரூம் நம்பர், எப்போ காய்ச்சல், வேற நோய் உண்டா, அவ்வளவுதான். "எங்கே போனே, மழையில நனைஞ்சியா, ஐஸ்கிரீம் தின்னியா"ன்னு ஒரு கேள்வி கிடையாது. எழுதினவங்களுக்கு ஹெல்த் சென்டர் சீட்டு ஒண்ணு குடுப்பேன். அந்தச் சீட்டைத் துறைத் தலைவர் ஏத்துக்கணும்னு கல்லூரி முதல்வர்கிட்ட நின்னு வாங்கினேன், அதுக்கே மூணு நாள் ஆச்சு. சீட்டு செல்லும்னு தெரிஞ்ச அன்னைக்கு நோட்டுல ஆறு பேர் இருந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு முப்பத்தொண்ணு. நிர்வாகத்துல பதறிட்டாங்க, "என்னம்மா, நீங்க வந்து எழுத ஆரம்பிச்சதும் நோய் அதிகமாயிடுச்சே"ன்னு. அதிகமாகல சார், ஒளிஞ்சிருந்தது வெளிய வந்திருக்குன்னு சொன்னேன். அடுத்த வாரத்துல எண்ணிக்கை தானா இறங்கிச்சு.

வார்டன்கிட்ட குறை சொல்ற மாதிரிப் போகாதே. அவங்களும் பயந்துதான் இருப்பாங்க, ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க அவங்க. ஒரு வெள்ளைத் தாள்ல ரூம் ரூமா எழுதி எடுத்துட்டுப் போ. தரைத்தளத்துல கெஸ்ட் ரூம் இருந்தா அதைக் காய்ச்சல் ரூமா கேளு. சாப்பாடு அங்கேயே வரணும்னு கேளு. அட்டெண்டன்ஸுக்குச் சீட்டு. இந்த மூணுதான், நாலாவது வேண்டாம்.

வகுப்புக்குத் திரும்பறது எப்போன்னு கேப்பாங்க. பாராசிட்டமால் போடாம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தாத் திரும்பலாம். மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிட்டு வந்தா அது கணக்குல சேராது.


மெஸ் அண்ணாச்சி | வியாழன், காலை 9.15

அம்மா சொன்னதோட சாப்பாட்டு விஷயம் மட்டும் நான் சேர்க்கிறேன். பதினெட்டு வருஷமா ஹாஸ்டல் மெஸ் நடத்துறவன்.

காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மெஸ்ல இருக்கிற சாம்பார் சாதம் இறங்காது. நாக்கு கசக்கும், வாசனையே ஆகாது. நான் செய்யறது, பச்சரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் வெறும் சட்டியில வாசம் வர வறுத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி விட்டு, சீரகம், தட்டின பூண்டு நாலு பல், சுக்கு ஒரு துண்டு. குழையக் குழைய வெந்ததும் உப்பு. கரண்டியில எடுத்தா ஒழுகணும், கட்டியா விழுந்தா மறுபடி வெந்நீர் விடணும். தொட்டுக்க சுட்ட அப்பளமோ நார்த்தங்காய் ஊறுகாயோ ஒரு துண்டு போதும். நாக்கு கொஞ்சம் முழிச்சுக்கும். காலையில ஒரு தூக்கு, ராத்திரி ஒரு தூக்கு. நடுவுல இளநீர், மோர், ரசத்துத் தெளிவு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்னா ஒரு லிட்டருக்கு ஒண்ணு, அரை டம்ளர்ல கரைச்சுக் குடிக்கக் கூடாது.

தூக்கைக் கதவுக்கு வெளிய ஸ்டூல் மேல வச்சுட்டு தட்டிட்டு வந்துடணும். திரும்பி வர்ற பாத்திரத்தை சோப்புப் போட்டு வெந்நீர்ல கழுவினாப் போதும், பயந்து தூக்கி எறிய வேண்டாம்.

இப்போ முக்கியமானது. பரிமாறுற ஆளுங்களைப் பாருங்க. அவங்க தினக்கூலி. இருமல் இருக்குன்னு சொன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சு. அதனால அவங்களும் மறைப்பாங்க, பிள்ளைங்க மறைக்கிற மாதிரியேதான். என் மெஸ்ல ஒரு பையன் கிட்ட நின்னு இட்லி வைக்கும்போது முகத்தைத் திருப்பித் திருப்பித் தோள்ல இருமினான். பக்கத்துல கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்தா கொதிக்குது. வீட்டுக்குப் போகச் சொன்னேன், "அண்ணாச்சி, வாரக் கடைசி, வீட்டு வாடகை"ன்னான். அன்னையிலேருந்து காய்ச்சல்னா மூணு நாள் சம்பளத்தோட லீவுன்னு வச்சுட்டேன். நட்டம் ஒண்ணும் வரல. உங்க மெஸ் கான்ட்ராக்டர்கிட்ட வார்டன் மூலமா இதையும் கேளுங்க பாப்பா.


உதவிப் பேராசிரியர் | வியாழன், பகல் 1.05

அட்டெண்டன்ஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாணவர்களுக்கு விதி தெரியாததால்தான் பாதிப் பயம்.

உங்கள் கல்லூரி அண்ணா பல்கலைக்கழக இணைப்பு என்றால், தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நோய் காரணமாக 65-க்கும் 75-க்கும் இடையே நிற்பவர்களுக்கு, மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் விலக்கு உண்டு. இது விதிமுறையிலேயே இருக்கிறது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் மருத்துவரின் பதிவு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். குணமாகி வந்த முதல் நாளே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் கட்டாகக் கொண்டுவந்து நீட்டும்போதுதான் துறையில் சந்தேகப்படுகிறார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் காய்ச்சலோடு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த வாரம் நானும் படுத்தேன், என் இரண்டு வயதுக் குழந்தையும் படுத்தது. அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முந்தின வாரம் வராதவர்களை எழுப்பி நிற்க வைத்தது நான்தான்.


ஒட்டன்சத்திரம் பொண்ணு | அடுத்த வியாழன், மாலை 6.30

எல்லாருக்கும் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கேன். எட்டு நாள் ஆச்சு.

அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆட்டோ பிடிச்சு ரெண்டு பேரையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் மேடம் சிவகாசிக்காரி முதுகுல ஸ்டெதஸ்கோப் வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. ஆக்ஸிஜன் 95. உடனே டாமிஃப்ளூ, நெபுலைசர். ரெண்டு ராத்திரி அவ உக்காந்துட்டேதான் தூங்கினா, ஆனா அட்மிட் ஆகுற அளவுக்குப் போகல. அஞ்சு நாள் மாத்திரையையும் முடிச்சுட்டா.

217 பொண்ணுக்கு டெங்குதான். NS1 பாசிட்டிவ். பிளேட்லெட் 92 ஆயிரம். அங்கேயே சேர்த்துட்டாங்க, அவங்க அப்பா தேனியிலேருந்து வந்தார். நாலு நாள் இருந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. அம்மா, நீங்க எழுதலைன்னா நாங்க அவளுக்கும் கஷாயம் குடுத்துட்டுப் படுக்க வச்சிருப்போம்.

வார்டன் மேடம் தாளைக் கையில வாங்கிட்டு ஒண்ணும் பேசல. அரை மணி நேரம் கழிச்சு அவங்களே வந்து கெஸ்ட் ரூம் சாவியைக் குடுத்தாங்க. ஆறு கட்டில் போட்டோம். நோட்டு போட்டது வியாழன். அன்னைக்கு நாலு பேர் எழுதினாங்க. சீட்டு செல்லும்னு எங்க ஹெச்.ஓ.டி. சொன்ன சேதி பரவினதும் சனிக்கிழமைக்குள்ள இருபத்தி மூணு. நீங்க சொன்ன மாதிரியே மேடம் பதறினாங்க, நீங்க சொன்ன பதிலையே நானும் சொன்னேன். மாடல் எக்ஸாமைத் தள்ளி வைக்கல. சீட்டு இருக்கிறவங்களுக்கு மறுதேர்வு வைக்கிறதா சொல்லியிருக்காங்க. எழுத்துல இன்னும் தரல, அதைக் கேட்டுட்டிருக்கோம். மெஸ் ஆளுங்க சம்பள லீவு மட்டும் நடக்கல. அண்ணாச்சி, உங்க கஞ்சி மட்டும் நடந்துச்சு. நார்த்தங்காய்க்கு அடிதடி.

எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. ஆறு மணிக்கு நோட்டுல ஒரு பொண்ணு பேரை எழுதிட்டிருந்தேன், பேனா பிடிச்ச விரல் சில்லுன்னு ஆச்சு. அடுத்த வரியில என் பேரை எழுதிட்டுப் போய்ப் படுத்தேன். ராத்திரி 103. வியாழக்கிழமை நான் கிளம்பியிருந்தா அந்நேரத்துக்கு அப்பத்தா பக்கத்துல உக்காந்து பூ கட்டிட்டிருப்பேன்.

வளைகாப்பை வீடியோ கால்ல பார்த்தேன். கண்ணைத் திறந்தா வலி, அதனால முக்கால்வாசி கேட்டேன். வளையல் சத்தம், அப்பத்தா குரல், யாரோ புளிசாதம் பத்தலைன்னு கத்தறது. அக்கா ஃபோனைக் கிட்ட கொண்டுவந்து "அழாதடி, மூக்கு இன்னும் அடைச்சுக்கும்"னா. செவ்வாய் காலையில காய்ச்சல் விட்டுது. வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போறேன், அது எட்டாவது நாள். போகலாம்தானே? இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கு. எனக்குன்னு ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலைச் சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருக்காங்களாம்.


ஓய்வுபெற்ற செவிலி | அடுத்த வியாழன், இரவு 7.10

போகலாம் கண்ணு. இருமல் ரெண்டு வாரம்கூட இழுக்கும். காய்ச்சல் திரும்பாத வரைக்கும் கவலை வேண்டாம். அது நிக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளயும் மாஸ்க் போடு, அக்கா பக்கத்துல படுக்காம கூடத்துல படு.

அக்கா அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது ஃப்ளூ தடுப்பூசி கேட்கச் சொல்லு. எந்த மாசத்துலயும் போடலாம், பிறக்கப் போற குழந்தைக்கும் முதல் சில மாசம் பாதுகாப்பு கிடைக்கும். அப்பத்தாவுக்கும் சேர்த்துக் கேளுங்க. ஊசி வேலை செய்யத் தொடங்க ரெண்டு வாரம் ஆகும். அதனால தள்ளிப் போடாதீங்க. வருஷா வருஷம் புதுசாப் போடணும்.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நோட்டை அடுத்த ரெப் கையில குடுத்துட்டுப் போ. கெஸ்ட் ரூம் சாவியையும்.